படியெடுங்கள், திருப்பிக் கொடுங்கள்: மலையூரில் வரலாற்றுச் சங்கம் தொடங்குவோருக்கு

நீலகிரியில் ஊர் வரலாற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று நாலு பேர் கூடினால் முதலில் எழும் பேச்சு "ஒரு மியூசியம் வைக்கலாம்" என்பதுதான். இடம் பார்ப்பார்கள், கண்ணாடிப் பெட்டிக்கு விலை கேட்பார்கள், வீடு வீடாகப் போய்ப் பழைய படம், பத்திரம், பித்தளைச் சாமான் எல்லாம் வாங்கி வந்து அடுக்குவார்கள். இரண்டு மழைக்காலம் கழித்து அந்த அறையைத் திறந்தால் பூசண வாடை முகத்தில் அடிக்கும். வீட்டில் அறுபது வருடம் தாங்கிய கல்யாணப் படம் சங்கத்து அலமாரியில் ஆறு வருடம் தாங்காது. வீட்டில் தினமும் அடுப்பு எரிகிறது, ஜன்னல் திறக்கிறது, ஆள் நடமாட்டம் இருக்கிறது. பூட்டிக் கிடக்கும் அறையில் இவை எதுவும் இல்லை.

ஆகவே புதிதாகத் தொடங்கும் சங்கத்துக்கு நாங்கள் சொல்வது இதுதான்: அசல் வீட்டிலேயே இருக்கட்டும். படியும் விவரமும் சங்கத்துக்கு வரட்டும். வாடகை இல்லாத ஒரு மேசை, ஒரு ஸ்கேனர், ஒரு நோட்டு போதும்.

எல்லையைச் சுருக்குங்கள்

"நீலகிரி வரலாறு" என்று பெயர் வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். 1819-இல் கோவை கலெக்டர் சல்லிவன் மலையேறி வந்தது, ஊட்டி ஏரி வெட்டியது, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இலும் ஊட்டிக்கு 1908-இலும் ரயில் வந்தது எல்லாம் எழுதி முடிந்த கதை. மாவட்டக் கையேடு 1880-இலும் கெசட்டியர் 1908-இலும் அச்சாகிவிட்டன. கோத்தகிரி கன்னேரிமுக்கில் சல்லிவன் பங்களாவே ஆவணக் காட்சியகமாக இருக்கிறது. துரைமார் எழுதி வைத்ததை மறுபடி எழுத ஒரு சங்கம் தேவையில்லை.

எழுதாமல் விட்டது வேறு. குந்தா மின்திட்டத்துக்குக் கல் உடைக்க வந்தவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள்? 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து டான்டீ லைன் வீடுகளில் (அரசுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) குடியேறியவர்கள் கையில் என்ன கொண்டு வந்தார்கள்? இந்து நகர் ஃபிலிம் கம்பெனியில் ஷிப்டு எப்படி ஓடியது? உங்கள் ஹட்டியில் (படுகர் ஊரில்) முதல் பள்ளிக்கூடம் யார் வீட்டுத் திண்ணையில் நடந்தது? இதற்கெல்லாம் பதில் தெரிந்தவர்களுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

ஒரு ஹட்டி, ஓர் எஸ்டேட்டு டிவிஷன், ஒரு கடைவீதி, ஒரு பள்ளி. இதில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு முதல் இரண்டு ஆண்டு அதைவிட்டு நகராதீர்கள். ஒரே நாளில் நடந்து சுற்றி வரக்கூடிய தூரம் என்பது நல்ல அளவுகோல்.

ஏழு பேர்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 குறைந்தது ஏழு உறுப்பினர்களைக் கேட்கிறது. நோக்கக் குறிப்பு, துணைவிதிகள், உறுப்பினர் பட்டியல் மூன்றையும் தயாரித்து மாவட்டப் பதிவாளரிடம் கொடுத்துப் பதிய வேண்டும். பிறகு ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டி, வரவு செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். பெரும்பாலான சங்கங்கள் படுத்துவிடுவது இந்தக் கடைசி வேலையில்தான். அதனால் ஏழில் ஒருவர் கணக்கு எழுதப் பழகியவராக இருக்கட்டும், வேறு எந்த வேலையையும் அவர் தலையில் கட்டாதீர்கள்.

துணைவிதியில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: சங்கம் கலைந்தால் படிகளும் பதிவேடும் எங்கே போகும்? ஒரு நூலகத்தையோ கல்லூரியையோ முன்கூட்டியே கேட்டுச் சம்மதம் வாங்கிப் பெயரோடு எழுதுங்கள். இந்த வரி இல்லாத சங்கங்களின் சேகரிப்பு, கடைசிச் செயலாளரின் மகன் வீட்டு மாடியில் போய் முடியும்.

ஏழு பேரில் இரண்டு மூன்று பெண்கள் இருப்பது அழகுக்காக அல்ல. பழைய படமும் கடிதமும் இருக்கும் டிரங்குப் பெட்டியின் சாவி வீட்டு அம்மாவிடம்தான் இருக்கும். ஆண்கள் மட்டும் போனால் ஹாலில் மாட்டியிருக்கும் தாத்தா படத்தோடு திரும்பி வருவீர்கள். அதே போல, நீங்கள் போகும் இடத்தில் படுகர் மொழியான படுகு பேசுவார்களானால் படுகு தெரிந்தவர் ஒருவர், கூடலூர்ப் பக்கம் என்றால் மலையாளம் தெரிந்தவர் ஒருவர் கண்டிப்பாக வேண்டும்.

வெறும் ஆர்வத்துக்காக ஓராண்டு பதிவில்லாமல் ஓட்டிப் பார்ப்பதிலும் தவறில்லை. ஆனால் பணம் வசூலிக்கத் தொடங்கும் முன் பதிந்துவிடுங்கள். பணம் பற்றி ஓர் எச்சரிக்கையும் உண்டு. பழைய தோட்டத் துரைமாரின் பேரன் பேத்திகள் இங்கிலாந்திலிருந்து எழுதுவார்கள், நன்கொடை தருகிறோம் என்பார்கள். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவோ முன்னனுமதியோ இல்லாமல் அந்தப் பணத்தைத் தொடவே கூடாது. அவர்கள் வீட்டு ஆல்பத்தை ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லுங்கள். அதற்குத் தடையில்லை, பணத்தைவிட அதில் பயனும் அதிகம்.

படியெடுக்கும் நாள்

சங்கத்தின் உயிர் இந்த நாளில் இருக்கிறது. ஊர்ச் சமுதாயக் கூடத்திலோ பள்ளியிலோ மேசை போட்டு உட்கார்ந்து, மக்கள் கொண்டு வருவதை அங்கேயே படியெடுத்து, அவர்கள் கண்முன்னே திருப்பிக் கொடுப்பது. ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். மழை இல்லை, பனியில் தேயிலைக் கொழுந்து குறைந்து தோட்டத்துக்காரர்களுக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம் இருக்கும். கொழுந்து கொட்டும் மாதத்தில் கூட்டம் வைத்தால் ஒருவரும் வர மாட்டார்கள்.

வேண்டிய சாமான்: தட்டை ஸ்கேனர், மடிக்கணினி, இரண்டு வெளி ஹார்டு டிஸ்க், யு.பி.எஸ்., ஆட்டு முடி பிரஷ், ஊதும் ரப்பர் பல்பு, 2பி பென்சில், 15 சென்டிமீட்டர் ஸ்கேல், கார்பன் வைத்த ரசீதுப் புத்தகம், வெள்ளைத் தாள். யு.பி.எஸ்.ஸை விட்டுவிடாதீர்கள். காற்றடித்து ஒரு மரக்கிளை கம்பியில் உரசினால் போதும், அரை நாள் வேலை போய்விடும்.

ஸ்கேனர் வாங்கும்போது சிசிடி (CCD) வகையா, சிஐஎஸ் (CIS) வகையா என்று கேளுங்கள். மெலிதாகவும் மலிவாகவும் இருப்பது சிஐஎஸ். கண்ணாடியோடு படிந்த தாளை மட்டும்தான் அது தெளிவாக எடுக்கும். மலை வீட்டு ஈரத்தில் பழைய படங்கள் எல்லாம் அப்பளம் போல வளைந்திருக்கும். சிஐஎஸ்ஸில் வைத்தால் நடுவில் தெளிவும் ஓரத்தில் மங்கலுமாக வரும். அழுத்தித் தட்டையாக்கப் பார்த்தால் மேல்பூச்சு வெடிக்கும். சிசிடி கனமானது, விலையும் கூட. வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

நான்கு பேர் வரிசையாக உட்கார வேண்டும். முதலாமவர் வரவேற்று, எண்ணி, ரசீது போடுவார். இரண்டாமவர் கதை கேட்டு எழுதுவார். மூன்றாமவர் ஸ்கேன் செய்வார். நான்காமவர் திரையில் சரிபார்த்து, மறுபடி எண்ணித் திருப்பிக் கொடுப்பார். முதலாமவரும் நான்காமவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. எண்ணிக்கைத் தவறு அப்படித்தான் நேரும், அதோடு உங்கள் மேலுள்ள நம்பிக்கையும் போகும். ஒரு ஸ்கேனரை வைத்துக்கொண்டு ஒரு நாளில் 80 முதல் 100 படம்தான் முடியும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் படம் வரும், விவரம் வராது.

அளவுகள் (டிபிஐ என்பது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு):

– தபால் அட்டை அளவுக்கு மேற்பட்ட படங்கள் 600 டிபிஐ. பாஸ்போர்ட் அளவு, தீப்பெட்டி அளவுப் படங்கள் 1200.
– கடிதம், பத்திரம், பள்ளிப் பதிவேடு 300 முதல் 400.
– கறுப்பு வெள்ளைப் படமானாலும் வண்ணத்திலேயே எடுங்கள். பழுப்பேறியது, மை பரவியது, ஸ்டூடியோக்காரர் கையால் வண்ணம் தீட்டியது எல்லாம் அப்போதுதான் தெரியும்.
– மூலப்படி டிஃப் (TIFF) கோப்பு, பார்க்கவும் அனுப்பவும் ஜேபெக் (JPEG).
– படத்தின் பின்புறத்தையும் எடுங்கள். எதுவும் எழுதியிருக்காவிட்டாலும் எடுங்கள்.

நாலுக்கு ஆறு அங்குலப் படம் 600 டிபிஐயில் டிஃப் கோப்பாகச் சுமார் 26 எம்பி வரும். ஆயிரம் படத்துக்கு 26 ஜிபி. ஆகவே இடம் போதாது என்று தரத்தைக் குறைப்பதில் பொருளே இல்லை. ஸ்கேனரில் "தானாகத் திருத்து", "தூசி நீக்கு" என்று வரும் எல்லாவற்றையும் அணைத்து வையுங்கள். தூசி என்று நினைத்து மூக்குத்தியை அழித்துவிடும்.

கையுறை பற்றி ஒரு வார்த்தை. தாளைத் தொடப் பஞ்சுக் கையுறை வேண்டாம். விரலுக்கு உணர்வு இல்லாமல் ஓரம் கிழியும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்த கைதான் நல்லது. நெகட்டிவுக்கும் பளபளப்பான படத்துக்கும் மட்டும் நைட்ரைல் கையுறை.

அதிகமாகக் கெட்டுப்போவது இரண்டு இடத்தில். ஒன்று, பசை தடவிய அட்டையும் மேலே பிளாஸ்டிக் தாளுமாக வந்த ஆல்பங்கள். பசை இறுகியிருக்கும். நகத்தால் கிளப்பினால் படம் இரண்டாகப் பிரியும். டென்டல் ஃப்ளாஸ் நூலை ஒரு மூலையில் நுழைத்து, மரம் அறுப்பதுபோல மெதுவாக இழுத்துக்கொண்டே போனால் பல படங்கள் கழன்று வரும். வராவிட்டால் விட்டுவிட்டு ஆல்பத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். ஒட்டிய படத்தைவிடக் கிழிந்த படம் மோசம்.

இன்னொன்று, சட்டம் போட்டு மாட்டிய படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்வது. மலையில் இது வீட்டுக்கு வீடு இருக்கும். படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரத்தில் உப்பி, கண்ணாடியைத் தொட்டு, வெயில் வந்ததும் காய்ந்து ஒட்டிவிடுகிறது. கண்ணாடிக்குள் ஈரமான திட்டுப் போலப் பளபளப்புத் தெரிந்தால் அதுதான். பிரிக்கவே பிரிக்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். சட்டத்தோடு சுவரில் சாய்த்து, பக்கத்து ஜன்னல் வெளிச்சத்தில், கேமராவை நேர் எதிரே வைத்துப் படம் எடுங்கள். உங்கள் நிழலும் முகமும் கண்ணாடியில் தெரியும். ஒரு பெரிய கறுப்பு அட்டையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் பின்னால் நின்று எடுத்தால் அது மறையும்.

வீட்டுக்காரர் ஆசையாக "லேமினேட் பண்ணிக் கொடுங்களேன்" என்பார். மறுத்துவிடுங்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை எந்தக் காலத்திலும் எடுக்க முடியாது.

இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோரின் பாஸ்போர்ட்டு, குடும்ப அட்டை போன்றவற்றை அன்றைக்கே, அந்த மேசையிலேயே திருப்பிவிட வேண்டும். உங்களுக்கு அது வரலாறு. அவர்களுக்கு இன்றைக்கும் ஏதோ ஓர் அலுவலகத்தில் காட்ட வேண்டிய சான்று.

எண் இல்லாத படம் அனாதை

எண் முறை எளிதாக இருக்கட்டும்: 2025-014-03. 2025-ஆம் ஆண்டு, அந்த ஆண்டில் பதினான்காவதாகக் கொடுத்த வீடு, அவர்களின் மூன்றாவது பொருள். கோப்புப் பெயரும் இதே எண்தான். "தாத்தா கல்யாணம் புதுசு கடைசி" என்று கோப்புக்குப் பெயர் வைத்தவர்கள் பிறகு அழுவார்கள்.

கொடுத்தவர் சம்மதித்தால் படத்தின் பின்புறம், ஓரமாக, கடினமான மேசைமீது கவிழ்த்து வைத்து, மென்மையான பென்சிலால் எண் எழுதலாம். பால்பேனா முகத்துப் பக்கம் தடம் பதிக்கும், ஜெல் பேனா பரவும். பிற்கால வண்ணப் படங்களின் வழுவழுப்பான முதுகில் பென்சில் ஏறாது. அவற்றுக்கு உறைமேல் எழுதுங்கள்.

பதிவேட்டில் எழுத வேண்டியவை: எண், என்ன பொருள், யார் யார், எந்த இடம், எந்த ஆண்டு, கொடுத்தவர், விவரம் சொன்னவர், சொன்ன தேதி, எதற்கெல்லாம் அனுமதி. கொடுத்தவரும் விவரம் சொன்னவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள், இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டுக் குழப்பாதீர்கள். குழுப்படமானால் ஒரு சாதாரணத் தாளில் நகல் எடுத்து, ஒவ்வொரு தலைமேலும் எண் போட்டு, பெயர்ப் பட்டியல் எழுதுங்கள். "இடமிருந்து மூன்றாவது" என்பது குழந்தை மடியில் இருந்தாலே குழம்பிவிடும். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலை இல்லை. ஊர்ப் பெயர்க் காரணத்துக்கு இது இன்னும் பொருந்தும். ஒரே ஊருக்குத் தோடர் ஒரு காரணம், படுகர் ஒரு காரணம், கடைவீதிக்காரர் ஒரு காரணம் சொல்வார்கள்.

தட்டச்சு யுனிகோடில் மட்டும். டி.டி.பி. கடையில் கொடுத்துப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்தால், சில ஆண்டில் அது திறக்கும்போது குறுக்கெழுத்துப் போலத் தெரியும்.

அனுமதிப் படிவத்தில் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: சங்கத்தில் வைத்துக்கொள்ளலாமா, கண்காட்சியில் காட்டலாமா, இணையத்தில் போடலாமா? முதல் இரண்டுக்குச் சரி என்பவர் மூன்றாவதற்கு வேண்டாம் என்பது சாதாரணம். சாவு வீட்டில் எடுத்த படங்களுக்கும் கோயில் உள்ளே எடுத்த படங்களுக்கும் தனியாகக் கேட்க வேண்டும். தோடர் மந்துகளிலும் (குடியிருப்புகள்) கோத்தர் ஊர்களிலும் கோயில் பக்கம் கேமராவைத் தூக்கும் முன் ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். "எல்லாரும் ஏற்கெனவே எடுத்திருக்கிறார்களே" என்பது பதில் ஆகாது.

ஆண்டு தெரியாத படத்துக்கு ஆண்டு

"ரொம்பப் பழசு" என்பதுதான் கிடைக்கும் பதில். ஆண்டைக் கேட்காதீர்கள், பக்கத்தில் நடந்ததைக் கேளுங்கள். 1978 நவம்பர் வெள்ளத்துக்கு முன்னா பின்னா? எம்.ஜி.ஆர். இறந்தபோது (1987) இந்தக் குழந்தை பிறந்துவிட்டதா? மரப்பாலத்தில் மலை சரிந்தபோது (1993) இந்த வீடு கட்டியாகிவிட்டதா? சிலோனிலிருந்து வந்தவரிடம், தனுஷ்கோடி புயலுக்கு (1964 டிசம்பர்) முன்பே வந்தீர்களா, பிறகா? ஒரு பெரிய தாளில் இப்படிப் பதினைந்து இருபது நிகழ்ச்சிகளை வரிசையாக எழுதி மேசைமேல் ஒட்டி வையுங்கள். அதில் உங்கள் ஊருக்கே உரியவை பாதி இருக்கட்டும்: கரண்டு வந்தது, முதல் பஸ், கோயில் கும்பாபிஷேகம்.

படமும் பேசும். பின்புறத்தில் ஸ்டூடியோ முத்திரை இருக்கும். தாளிலேயே "இந்து" என்று அச்சாகியிருந்தால் அது ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தாள். அந்த நிறுவனம் தொடங்கியதே 1960-இல், ஆகவே படம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. ஆனால் பழைய நெகட்டிவிலிருந்து பிறகு போட்ட பிரதியாக இருக்கலாம், அதையும் யோசியுங்கள். பத்திரத்திலும் கல்வெட்டிலும் "ஆனந்த வருஷம்" என்று மட்டும் இருந்தால் அறுபதாண்டுச் சுற்றில் அது 1914-ஆ, 1974-ஆ என்பதைத் தாளும் கையெழுத்தும்தான் சொல்ல வேண்டும். உறுதியில்லாத ஆண்டின் முன் "சு." (சுமார்) போட்டு, எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்பதையும் அடுத்த கட்டத்தில் எழுதுங்கள்.

குரல்

செல்போன் போதும், ஆனால் காலர் மைக் ஒன்று வாங்கிவிடுங்கள். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் குத்த வேண்டும். சேலை உரசும் இடத்தில் குத்தினால் மணிக்கணக்கில் கரகரவென்றே கேட்கும். வேவ் வடிவில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில், ஸ்டீரியோவில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ஒரு ஜிபி வரும்.

தகரக் கூரை வீட்டில் மழை வந்தால் பதிவு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்குள் தொடங்குங்கள். டி.வி., சுவர்க் கடிகாரம், குக்கர் மூன்றையும் கேட்டுக்கொண்டு நிறுத்துங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் வயதானவர்களைப் பேச வைக்காதீர்கள், இன்னொரு நாள் போங்கள். இரண்டாவது தடவைதான் நல்ல விஷயங்கள் வரும். முதல் தடவை பேசியதை இரவெல்லாம் நினைத்துப் பார்த்திருப்பார்கள்.

"உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால் எல்லாரும் "கஷ்டப்பட்டோம்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். பொருளைக் கேளுங்கள். பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்பு) எத்தனை மணிக்குப் போகணும்? கூடையிலே எத்தனை கிலோ பிடிக்கும்? அட்டை கடிச்சா என்ன போடுவீங்க? லைன் வீட்டிலே எத்தனை குடும்பத்துக்கு ஒரு பைப்பு? செக்ரோல்லே (கூலிப் பதிவேடு) பேர் விட்டுப்போனா யார்கிட்டே சொல்வீங்க? கேட்டுவிட்டு ஐந்து விநாடி சும்மா இருங்கள். அந்த இடைவெளியை நிரப்பும் வெறி எல்லாப் புதியவர்களுக்கும் இருக்கும்.

ஒரு மணி நேரப் பதிவை எழுத்தில் கொண்டுவர ஐந்து முதல் எட்டு மணி நேரம் பிடிக்கும். ஆகவே பதிவு செய்த அன்றே பேசிய பொருள்களை நிமிடக் கணக்கோடு ஒரு பக்கத்தில் குறித்துவிடுங்கள், முழு எழுத்தாக்கம் பிறகு வரட்டும். படுகில் பேசியதைத் தமிழாக்கி மட்டும் வைப்பது பெரிய தவறு. பேசியபடியே தமிழ் எழுத்தில் ஒரு பத்தி, கீழே மொழிபெயர்ப்பு ஒரு பத்தி. தோடர் பேச்சில் தமிழ் எழுத்தில் அடங்காத ஒலிகள் பல உண்டு. அங்கே ஒலிக்கோப்புதான் மூலம், எழுத்து வெறும் வழிகாட்டி.

கல்லைத் தேய்க்காதீர்கள்

கல்லறை, வீரக்கல், பாலத்துக் கல், பள்ளி அடிக்கல். எழுத்துத் தெரியவில்லை என்று சாக்பீஸ் தேய்ப்பதும், மாவு பூசுவதும், கம்பி பிரஷால் பாசியைச் சுரண்டுவதும் வேண்டாம். கல்லின் மேல்தோல் போய்விடும், எழுத்தும் அதோடு போகும். மலையில் மூட்டம் இருந்தால் வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமாக விழுந்து, வெட்டிய எழுத்து தட்டையாகத் தெரியும். இருட்டும் நேரத்தில் போய், டார்ச்சைக் கல்லோடு ஏறக்குறைய ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடியுங்கள். எழுத்துப் பள்ளத்தில் நிழல் விழுந்து, பகலில் வெறும் சொரசொரப்பாக இருந்த இடத்தில் பெயர் எழுந்து நிற்கும். இடம், வலம், மேல், கீழ் என்று நாலு பக்க வெளிச்சத்தில் நாலு படம். இரண்டு பேராவது போங்கள், காட்டெருமையும் கரடியும் நடமாடும் நேரம் அது.

இடத்தைச் செல்போனில் குறிக்கும்போது தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் எழுதுங்கள், ஏறக்குறைய ஒரு மீட்டர் நுணுக்கம். வெளியில் சொல்லும்போது இரண்டு இலக்கத்தோடு நிறுத்துங்கள், அது ஒரு கிலோமீட்டர் வட்டம். கல்திட்டை, பாறை ஓவியம் இருக்கும் இடத்தைத் துல்லியமாக இணையத்தில் போட்டால் அடுத்த மாதம் புதையல் தேடுபவர்கள் கடப்பாரையோடு வருவார்கள், ஓவியத்தின்மேல் பெயர் எழுதுபவர்கள் அவர்களுக்கும் முன்னால் வருவார்கள்.

சட்டத்தில் தெரிந்திருக்க வேண்டியவை சில. வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது பானையோ காசோ கிடைத்தால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். சங்கத்து அலமாரியில் வைத்துக்கொள்ள முடியாது. 100 ஆண்டு கடந்த சிலை, காசு போன்றவையும், வரலாற்று மதிப்புள்ள 75 ஆண்டு கடந்த கையெழுத்துப் பிரதிகளும் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி தொல்பொருள். விற்பனை செய்ய உரிமம் வேண்டும். ஆகவே சங்கம் எதையும் காசு கொடுத்து வாங்குவதில்லை என்று முதலிலேயே அறிவித்துவிடுவது நிம்மதி. புகைப்படத்தைப் பொறுத்தவரை, குடும்பம் பணம் கொடுத்து ஸ்டூடியோவில் எடுத்த படத்தின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே. பத்திரிகைப் படம் வேறு கணக்கு, தனியாக விசாரியுங்கள்.

ஈரம்

எவ்வளவு மறுத்தாலும் சில அசல்கள் வந்து சேரும். வாரிசு இல்லாத வீடு, பழைய பேப்பர் கடைக்குப் போகவிருந்த எஸ்டேட்டு ரிஜிஸ்டர். அவற்றுக்கு ஒரு மூலை வேண்டும்.

மலைச் சரிவை வெட்டிக் கட்டிய கட்டடத்தில் மண்ணோடு ஒட்டிய சுவர் ஒன்று இருக்கும். அந்தச் சுவர் வருடம் முழுக்கத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும். அலமாரியை அதன் எதிர்ப்பக்கம், சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி, தரையிலிருந்து அரை அடி உயர்த்தி வையுங்கள். சில நூறு ரூபாய்க்கு ஈரப்பத மானி கிடைக்கும், உள்ளே வைத்துத் தினமும் குறியுங்கள். 65 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூசணம் வரும். 45 முதல் 55 வரை நல்லது.

ஈரம் உறிஞ்சும் மின்கருவி வாங்கப் போகிறவர்கள் கவனிக்க: கடையில் அதிகம் கிடைப்பது குளிர்பெட்டி போல இயங்கும் வகை. அறை 15 டிகிரிக்குக் கீழே போனால் அதன் சுருளில் பனி கட்டி, வேலை செய்யாமல் மின்சாரம் மட்டும் குடிக்கும். கோயமுத்தூரில் அருமையாக ஓடிய கருவி ஊட்டியில் உதவாமல் போவது இதனால்தான். உறிஞ்சுபொருள் வகை குளிரிலும் வேலை செய்யும்.

சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் பீரோவில் போடுவது வீண். பீரோவுக்கு நூறு சந்து, இரண்டு நாளில் அறை ஈரத்தைக் குடித்து அடங்கிவிடும். ரப்பர் விளிம்பு வைத்த, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டிக்குள் போடுங்கள். ஆரஞ்சு மணிகள் பச்சையானதும் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் சூடாக்கினால் மறுபடி பயன்படும். நாப்தலின் உருண்டையைப் படங்கள் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

இராமபாணமோ பூச்சி முட்டையோ தெரியும் புத்தகத்தைப் பாலிதீன் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்காமல் ஒரு நாள் விட வேண்டும். உடனே திறந்தால் குளிர்ந்த தாளில் வியர்வை கட்டிவிடும். பேக்கரிக்காரர் யாராவது நண்பராக இருந்தால் நல்லது.

பூசணம் பிடித்ததை முகக்கவசத்தோடு வெளியில், காற்று வரும் திசைக்கு முதுகு காட்டி நின்று, உலர்ந்த பின் பிரஷால் தட்டுங்கள். ஈரத் துணியால் துடைத்தால் தாளுக்குள் இறங்கிவிடும். வெள்ளைப் புள்ளி தெரியும் ஆடியோ, வீடியோ கேசட்டை ஓட்டிப் பார்க்கக் கூடாது. டேப்பும் கெடும், கருவியும் கெட்டு அடுத்த கேசட்டுக்குத் தொற்றும்.

மழையில் நனைந்த தாளுக்கு 48 மணி நேரம்தான் கெடு. வெயிலில் போடாமல் நிழலில், மின்விசிறிக் காற்றில் விரித்து வையுங்கள். நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிய படங்களை உலர விடாதீர்கள். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மூழ்க வைத்து, தானாகப் பிரியும்வரை காத்திருந்து, முகம் மேலே இருக்கும்படி உலர்த்துங்கள்.

மூன்று இடம்

கோப்புகள் ஒரே ஹார்டு டிஸ்க்கில் இருந்தால் இல்லை என்றே அர்த்தம். ஒன்று சங்கத்தில், ஒன்று இன்னொரு உறுப்பினர் வீட்டில், மூன்றாவது மலைக்குக் கீழே, மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ. 2009 நவம்பரைப் போல மலை இன்னொரு முறை சரிந்தால் முதல் இரண்டும் ஒரே இரவில் போகலாம். பென் டிரைவ், சி.டி. இரண்டையும் சேமிப்பாக நினைக்காதீர்கள். ஆண்டுக்கு ஒரு முறை எல்லா டிஸ்க்கையும் ஓட்டி, எண்ணிக்கை சரியா என்று பார்த்து, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருபது கோப்பைத் திறந்து பாருங்கள். ஐந்து ஆண்டான டிஸ்க்கை மாற்றுங்கள். பதிவேட்டை மட்டும் தாளிலும் அச்சிட்டுக் கட்டி வையுங்கள். கணினி போனாலும் எந்த வீட்டில் எந்த அசல் இருக்கிறது என்று தெரிந்தால், போய் மறுபடி படியெடுக்கலாம்.

திரும்பப் போங்கள்

ஆறு மாதத்துக்குள் கொடுத்த எல்லா வீட்டுக்கும் ஒரு நல்ல அச்சுப் பிரதியோடு போங்கள். நன்றிக்காக மட்டும் அல்ல. பெரிதாக்கிய படத்தைப் பார்க்கும்போதுதான் பின்னால் நிற்பவர் யாரென்று நினைவு வரும், இன்னொரு டிரங்குப் பெட்டியும் திறக்கும்.

ஊர்த் திருவிழா சமயம் முப்பது படத்தைக் கெட்டி அட்டையில் ஒட்டிக் கோயில் பக்கம் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். கண்காட்சிக்குச் சம்மதித்தவர்களின் படங்கள் மட்டும். பெயர் தெரியாத படங்களாகத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றின் கீழும் "இவர் யார்?" என்று எழுதிய வெள்ளைத் தாள் ஒன்று, நூலில் கட்டிய பென்சில் ஒன்று. பேனா வைக்காதீர்கள், படத்தின்மேலேயே அம்புக்குறி போட்டு எழுதிவிடுவார்கள்.